மாடியில் என்ன இருக்கிறது

மாடிப்படிக்கு முன்னால் சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டு மகள் அண்ணாந்து பார்த்தாள். குறுகலான மரப்படிகள், ஏற்றமும் செங்குத்து. நாற்காலியிலிருந்த அம்மாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்தைந்து வயதிருக்கும். பூப்போட்ட வெளிர்நீல உடை, மடியில் கம்பளிச் சால்வை, அதன்மேல் விளிம்பு தேய்ந்த கறுப்பு அட்டை வேதப்புத்தகம். இந்த நாளுக்கென்றே எடுத்துவைத்த உடை என்பது பார்த்தாலே தெரிந்தது. மடிப்புத் தடம் இன்னும் போகவில்லை.

"நீ மேல போய்ப் பாத்துட்டு வா. வந்து எனக்குச் சொல்லு" என்றார் அம்மா.

மகள் உடனே நகரவில்லை. அவளுக்கு அறுபது இருக்கலாம். நரைத்த குட்டை முடி, ஜீன்ஸ், காலில் நடைபயிற்சிக் காலணி. அம்மாவின் சால்வையைச் சரிசெய்தாள், நாற்காலியின் பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். அதன்பிறகும் கைப்பிடியை விடாமல் நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நாங்கள் காத்திருந்தோம்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், மேற்கு ஓரமாக, சோள வயல்களுக்கு நடுவே இருக்கிறது கார்த்தேஜ் என்ற அந்தச் சிற்றூர். அங்கே இரண்டு தளங்கள் கொண்ட பழைய கல் கட்டடம் ஒன்று உண்டு. ஒருகாலத்தில் மாவட்டச் சிறை. 1844 ஜூன் 27 அன்று மாலை ஐந்து மணி வாக்கில், முகத்தில் கருப்புப் பூசிய ஆயுதக் கும்பல் ஒன்று இந்தப் படிகளில்தான் ஏறிப்போனது. மேலறையில் இருந்த ஜோசப் ஸ்மித்தையும் அவருடைய அண்ணன் ஹைரமையும் சுட்டுக் கொன்றது. மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை 1830 ஏப்ரல் 6 அன்று நிறுவியவர் ஜோசப். அந்தச் சபைக்கு இன்று ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். 1903இல் இந்தக் கட்டடத்தைச் சபையே விலைக்கு வாங்கியது. அவர்களுக்கு இது புனிதத் தலம்.

எனக்கு அந்தச் சபையோடு உறவு எதுவும் இல்லை. பியோரியாவில் உறவினர் வீட்டுக்கு வந்தவன், ஒரு சமயம் பிறந்த கதை தேதியோடும் மணியோடும் நீதிமன்றப் பதிவோடும் கிடைக்கிற இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருந்தேன். வந்த இடத்தில் சுவர்களைவிட்டு இந்த இருவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது வாகன நிறுத்தத்திலேயே தொடங்கிவிட்டது. பின்கதவைத் திறந்து மகள் சக்கர நாற்காலியை விரித்துக்கொண்டிருக்க, முன்னிருக்கையில் இருந்தபடி அம்மா ஒரு காகிதக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். காபி. உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி, சிந்திவிடாமல், இரண்டு கைகளாலும். காபியும் தேநீரும் மதுவும் புகையிலையும் கூடாதென்று 1833இல் ஜோசப்புக்கு வெளிப்பாடு வந்ததாக அவர்கள் நம்புகிறார்கள். விசுவாசமுள்ள மார்மன் வீட்டில் காபி நுழையாது. மகள் வந்து கோப்பையை வாங்கிக் குடித்து முடித்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவர் விலகியபிறகு மற்றவர்கள் எத்தனை ஆண்டு பாடுபட்டால் இப்படி ஒரு கோப்பையைப் பிடித்துக்கொள்ள முடியும் என்று நினைத்துப் பார்த்தேன்.

கீழ்த்தளத்தில் வழிகாட்டி பேசியபோது மறுபடியும் தெரிந்தது. ஓய்வுபெற்றபின் மனைவியோடு ஊழியத்துக்கு வந்திருப்பவர் அவர்; கோட்டுப் பையின்மேல் கறுப்புப் பெயர்ப்பட்டை. மார்மன்கள் அன்று குடியிருந்த நாவூ நகரிலிருந்து ஜோசப் இங்கே வந்து சேர்ந்த கதையைச் சொல்லி, முடிவில் தன் சாட்சியைச் சொன்னார். அவர் குரல் கம்மியது. கூட்டம் ஆமென் என்றது. அம்மாவின் ஆமென் எல்லோருக்கும் முந்திக் கேட்டது. மகள் தலை குனிந்திருந்தாள், உதடு அசையவில்லை. அதில் முறைப்பும் இல்லை. பிறர் வீட்டுப் பூசையறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பவரின் மரியாதைதான் இருந்தது.

ஜோசப் ஸ்மித்தைச் சிறைக்குக் கொண்டுவந்தது ஒரு செய்தித்தாள். அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் வில்லியம் லா. சபையின் தலைமைக்குழுவில் ஜோசப்புக்கு அடுத்த இடத்தில் அமர்ந்து ஆலோசனை சொன்னவர். ஜோசப் ரகசியமாகப் பல பெண்களை மணந்திருப்பதை அறிந்து மனம் உடைந்து பிரிந்தார். 1844 ஜூன் 7 அன்று 'நாவூ எக்ஸ்பாசிட்டர்' என்ற அந்தத் தாள் வெளிவந்தது. அதுவே முதல் இதழ், அதுவே கடைசி இதழ். பலதார மணத்தையும், ஒரே மனிதரின் கையில் சபையும் நகராட்சியும் படையும் குவிந்திருப்பதையும் அது எழுதியது. ஜோசப் அப்போது நாவூவின் மேயர், நகரப் படையின் தளபதி, அமெரிக்க அதிபர் தேர்தலில் வேட்பாளரும்கூட. நகரசபை கூடித் தாளைத் தொல்லை என்று அறிவித்தது. ஜூன் 10 அன்று மேயரின் உத்தரவில் அச்சகம் உடைக்கப்பட்டது, எழுத்துகள் தெருவில் கொட்டப்பட்டன. கலகம் என்று முதலில் வழக்கு. நகரில் இராணுவச் சட்டம் அறிவித்ததற்காகப் பிறகு தேசத்துரோக வழக்கு. இந்த மாடியறைக்கு வந்த பாதை அதுதான். அவை தங்கள் தலைவரை ஒருகாலத்தில் நெஞ்சார வணங்கியவர்கள் அச்சிட்ட நான்கு பக்கங்கள் என்பதை நான் மறக்க விரும்பவில்லை. விலகியவர்கள் இந்தக் கதையில் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் அல்லர், அன்றும் இருந்தவர்கள்.

கொன்றவர்களுக்கு இதில் எந்த நியாயமும் கிடையாது. பாதுகாப்புத் தருவதாக ஆளுநர் வாக்களித்துச் சிறையில் வைத்த கைதிகளைக் கும்பல் புகுந்து சுட்டது. மறு ஆண்டு ஐந்துபேர் மீது வழக்கு நடந்து, ஐவரும் விடுதலையானார்கள்.

மகள் ஒருவழியாகப் படியேறினாள். நானும் பின்னால் ஏறினேன்.

மேலறை சிறைக் கொட்டடி அல்ல, சிறைக்காவலரின் படுக்கையறை. கைதிகள் மேல் இரக்கப்பட்டு அந்தக் குடும்பம் அதை விட்டுக்கொடுத்திருந்தது. கட்டில், மேசை, நாற்காலிகள், சன்னல்கள். கதவில் குண்டுத் துளை இன்னும் இருக்கிறது. அன்று அறைக்குள் நால்வர்: ஜோசப், ஹைரம், தோழர்கள் ஜான் டெய்லர், வில்லார்டு ரிச்சர்ட்ஸ். மதியம் மனம் கனத்துக் கிடந்ததால் டெய்லரைப் பாடச் சொன்னார்கள். ஒருமுறை பாடியவரை ஹைரம் மறுபடியும் பாடச் சொன்னார். பிறகு மாடிப்படியில் காலடிகள். கதவைத் தோளால் முட்டுக்கொடுத்தார்கள். கதவைத் துளைத்த குண்டு முகத்தில் பாய்ந்து ஹைரம் விழுந்தார். யாரோ ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்திருந்த கைத்துப்பாக்கியால் ஜோசப் கதவிடுக்கு வழியே சுட்டார்; அதன் குழல்களில் சில வெடிக்கவே இல்லை. சன்னலுக்கு ஓடினார். பின்னாலிருந்தும் கீழேயிருந்தும் சுட்டார்கள். சன்னல் வழியாகக் கிணற்றடியில் விழுந்தார். டெய்லர் பலத்த காயங்களோடு பிழைத்தார்.

வழிகாட்டி இதைச் சொல்லும்போது ஓர் இளம் தாய் தன் கைக்குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு அழுதாள். ஐடஹோவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் மூத்த பையன் கதவுத் துளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மகள் துளையைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது சன்னலை. அதன் அகலத்தை. ஓர் ஆள் உடம்பு அதில் எப்படி நுழையும் என்று கணக்குப் பார்ப்பவளைப்போல.

"அப்ப அவருக்கு வயசென்ன?" என்று கேட்டாள்.

"முப்பத்தெட்டு" என்றார் வழிகாட்டி.

அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அந்தச் சபையில் வளர்ந்த குழந்தைக்கு அவருடைய பிறந்தநாளே தெரியும்; கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, 1805 டிசம்பர் 23, வெர்மாண்ட் மாநிலம். ஆனாலும் அந்த எண்ணைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

மார்மன் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு உண்ணாநோன்பு. அன்று யார் வேண்டுமானாலும் மேடையேறிச் சாட்சி சொல்லலாம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளையும் ஏற்றுவார்கள். ஒலிபெருக்கிக்கு எட்டாத குழந்தையைத் தாயோ தகப்பனோ தூக்கிப் பிடித்துக் காதில் சொல்லிக்கொடுக்க, குழந்தை திருப்பிச் சொல்லும்: இந்தச் சபை உண்மையானதென்று எனக்குத் தெரியும், ஜோசப் ஸ்மித் தீர்க்கதரிசி என்று எனக்குத் தெரியும், அம்மா அப்பாவை எனக்குப் பிடிக்கும். மூன்றும் ஒரே மூச்சில் வரும். பின்னாளில் நடுவிலிருக்கும் ஒன்றை மட்டும் உருவி எடுக்க வேண்டியவர்களின் சிரமம் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அம்மாவின் மூச்சுக்காற்று காதில் பட்ட சுகத்தோடு சேர்ந்து உள்ளே போன பெயர் அது. ஆதாரம் காட்டினால் மட்டும் அது கிளம்பிவிடாது.

ஆதாரங்களுக்குக் குறைவில்லை. ஃபான் பிரோடி என்ற வரலாற்றாசிரியர், மார்மன் தலைமைக் குடும்பத்திலேயே பிறந்தவர், 1945இல் ஜோசப்பின் வாழ்க்கையை ஒரு மனிதரின் வரலாறாக எழுதினார். அடுத்த ஆண்டே சபையிலிருந்து நீக்கப்பட்டார். நெடுங்காலம் சாதாரண உறுப்பினர்கள் அத்தகைய புத்தகங்களைத் தொடமாட்டார்கள். 2013இலிருந்து நிலைமை மாறியது. கடினமான வரலாற்றுக் கேள்விகளுக்குச் சபையே ஒவ்வொன்றாகக் கட்டுரை வெளியிடத் தொடங்கியது. அது நேர்மையான செயல் என்றே சொல்வேன். ஆனால் ஐம்பது, அறுபது வயதில் அவற்றைப் படித்தவர்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஞாயிறு வகுப்புப் படங்களில், சபையின் வேதமான மார்மன் புத்தகத்தை மொழிபெயர்க்கும் ஜோசப் பொற்றகடுகளில் விரலை ஓட்டி வாசித்துக்கொண்டிருப்பார். பெரும்பகுதி மொழிபெயர்ப்பின்போது அவர் ஒரு கல்லைத் தொப்பிக்குள் போட்டு, அதில் முகம் புதைத்துச் சொல்லச் சொல்ல, இன்னொருவர் எழுதினார் என்பதைக் கட்டுரைகளில் ஒன்று சொன்னது. 2015இல் அந்தக் கல்லின் புகைப்படத்தையே வெளியிட்டார்கள்: முட்டை வடிவில், பழுப்புநிறத்தில், உள்ளங்கையில் அடங்கும் கல்.

ஆபிரகாமின் புத்தகம் என்று ஒன்று அவர்கள் வேதத்தில் உண்டு. 1835இல் 2,400 டாலருக்கு எகிப்திய மம்மிகளோடு வாங்கிய பாப்பிரஸ் சுருள்களிலிருந்து ஜோசப் அதை மொழிபெயர்த்ததாகச் சொன்னார். சுருள்கள் தீயில் அழிந்துவிட்டதாகவே எண்ணியிருந்தார்கள். நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் சில துண்டுகள் கிடைத்து 1967இல் சபையின் கைக்கு வந்தன. எகிப்திய எழுத்து அறிந்தவர்கள் படித்தார்கள். இறந்தவர்களோடு வைக்கும் சாதாரண ஈமச்சடங்கு ஏடுகள்; ஆபிரகாம் பெயரே அவற்றில் இல்லை. இதையும் சபையின் கட்டுரை ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் ஜோசப் தந்த நூல் தேவ ஏவுதலால் வந்தது என்று நிலைநிறுத்துகிறது.

இவையெல்லாம் அறிவுக்கு வரும் அடி. நெஞ்சுக்கு வரும் அடி 2014 அக்டோபரில் வந்த கட்டுரையில் இருந்தது. ஜோசப் மணந்த பெண்கள் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில். சிலர் ஏற்கெனவே கணவர் உள்ளவர்கள். எல்லோரிலும் இளையவள் ஹெலன் மார் கிம்பல்; பதினைந்து வயது நிறையச் சில மாதங்கள் இருந்தன. எமிலி, எலைசா என்று இரு சகோதரிகள், தந்தையை இழந்து ஜோசப்பின் வீட்டிலேயே தங்கி வேலைக்கு ஒத்தாசையாக இருந்தவர்கள். 1843 மார்ச்சில் மனைவி எம்மா அறியாமல் அவர்களை மணந்தார். மே மாதம் எம்மா தானே மனதைக் கல்லாக்கிச் சம்மதித்து அவர்களைத் தேர்ந்தெடுத்தபோது, முதல் மணத்தை மறைக்க மறுபடி ஒரு மணச்சடங்கு நடந்தது. எமிலியே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். எனக்கு இந்த இடத்தைத் தாண்டிச் செல்ல முடியவில்லை. கல்லும் சுருளும் போகட்டும். ஒரு வீட்டின் கூடத்தில், தெரிந்த மூவர் தெரியாத ஒருத்தியின் முன்னால் நின்று இரண்டாவது முறையாக வாக்குக் கொடுத்த அந்த நிமிடம் என்னை வதைக்கிறது.

பதில் கிடைக்காத கேள்விகளை அலமாரித் தட்டில் எடுத்துவை என்று சபைக்குள் பெரியவர்கள் சொல்வதுண்டு. விலகி வந்தவர்கள் தங்கள் தட்டு எந்தக் கேள்வியின் பாரத்தில் ஒடிந்தது என்று ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள். பலருக்கு அது ஹெலனின் வயது. ஒடிந்த நாளிலிருந்து கோபம். நேற்றுவரை பூமியில் கிறிஸ்துவுக்கு அடுத்தபடி எவரும் செய்யாததைச் செய்தவர் என்று கொண்டாடிய மனிதரை, அதே உயரத்தில் நிறுத்தி, உலகிலேயே பெரிய வஞ்சகர் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஏமாந்தவர்களுக்குக் கோபப்பட உரிமை உண்டு. ஆனால் உயரம் குறையாதவரை வணக்கமும் முடியவில்லை என்றே தோன்றுகிறது. மேல் அறையில் அந்தப் பெண்ணின் முகத்தில் நான் பார்த்தது கோபம் தீர்ந்த பிறகு வரும் ஒன்று. அதனால்தான் அவளை மறக்க முடியாமல் எழுதுகிறேன்.

ஐடஹோக் குடும்பத்தின் தகப்பனார் மெல்லிய குரலில் ஒரு பாட்டை எடுத்தார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஜோசப்பைப் புகழும் பாட்டு, அந்தச் சபையில் அறியாதவர் இல்லை. கொலை நடந்த சில வாரங்களில் வில்லியம் ஃபெல்ப்ஸ் எழுதியது. அந்த ஃபெல்ப்ஸும் ஒருகாலத்தில் பிரிந்து போனவர்தான். 1838இல் மிசௌரி நீதிமன்றத்தில் ஜோசப்புக்கு எதிராகவே சாட்சி சொன்னார். அந்தக் குளிர்காலம் முழுதும் ஜோசப் சிறையில் கிடந்தார். 1840இல் ஃபெல்ப்ஸ் மன்னிப்புக் கேட்டு எழுதினார். ஜோசப் மன்னித்துத் திரும்ப அழைத்துக்கொண்டார். இதுவும் அதே மனிதர்தான். பதினான்கு வயதுப் பெண்ணை மணந்தவரும், தன்னைக் காட்டிக்கொடுத்தவனைத் தழுவிக்கொண்டவரும் ஒருவரே. ஒன்றைச் சொல்லி மற்றதை அழித்துவிட முடியாது.

மகள் பாடவில்லை. அப்போது தரைப்பலகைக்குக் கீழேயிருந்து இன்னொரு குரல் எழுந்தது. மெலிந்த குரல், சுருதி கொஞ்சம் விலகியது, ஆனால் ஒரு சொல்லும் தவறாமல். கீழே தனியாக உட்கார்ந்திருந்த அம்மா பாடுகிறார். அறையில் சிலர் புன்னகைத்தார்கள். மகள் குனிந்து தரையைப் பார்த்தாள். பாட்டு முடியும்வரை அம்மாவின் குரல் வந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கீழே இறங்கியதும் அம்மா கேட்டார்: "என்ன இருக்கு மேல?"

சிறைக்கு வெளியே தோட்டம். சகோதரர்கள் இருவரின் வெண்கலச் சிலை. மரநிழலில் பெஞ்சு ஒன்றருகே நாற்காலியை நிறுத்திவிட்டு மகள் உட்கார்ந்தாள். அடுத்த பெஞ்சில் நான். எழுந்து போயிருக்கலாம், கால் வரவில்லை.

அவள் சொல்லத் தொடங்கினாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கட்டில் எந்தப் பக்கம், மேசை எந்தப் பக்கம், கதவில் துளை எவ்வளவு உயரத்தில். சன்னல் எவ்வளவு அகலம் என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நம்பாதவள் ஒருத்தியின் வாய்வழியாகத் தன் புனிதத் தலத்தைத் தரிசித்துக்கொண்டிருந்தார் அவர்.

"சின்ன ரூம்தான்மா. நம்ம வீட்டுக் கீழ்ரூம் அளவுகூட இருக்காது."

"பயந்திருப்பாரா?"

"பயந்திருப்பார். கதவைத் தோளால தள்ளிப் பிடிச்சிருக்காங்க. அண்ணன் கண் முன்னாடியே விழுந்திருக்கார். யாருக்குத்தான் பயம் வராது." கொஞ்சம் நிறுத்தி, "அம்மா, அவருக்கு முப்பத்தெட்டு வயசு. நம்ம பெரியவனைவிட ரெண்டே வயசு கூட" என்றாள்.

அம்மா கண்ணைத் திறந்தார். "எனக்கு அவர் எப்பவும் பெரியவராத்தான் இருந்திருக்கார். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பவும் பெரியவர். இப்பவும் பெரியவர்."

"எனக்கும் அப்படித்தான் இருந்தது."

ஒரு வண்டி நிறையப் பள்ளிப்பிள்ளைகள் வந்து இறங்கி, சிலையைச் சுற்றி நின்று படமெடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அந்த இரைச்சல் அடங்கும்வரை இருவரும் பேசவில்லை.

"இன்னும் அவர்மேல கோபம் இருக்கா உனக்கு?" அம்மா கேட்டார். நேரடியாக, முகத்தைப் பார்த்து.

"இருந்தது. கோபமா இருந்த வருஷங்கள்லதான் அவர் என் வீட்டைவிட்டுப் போகவே இல்லம்மா. சாப்பிடும்போதும் அவரைப் பத்தித்தான் பேசினேன். ராத்திரி முழிச்சுக்கிட்டா அவரோட சண்டை போட்டேன். இப்பப் பேசறதில்ல." பிறகு, "அந்தப் பொண்ணுக்காக வருத்தம் இருக்கு. அது போகாது. போகவும் வேணாம்."

எந்தப் பெண் என்று அம்மா கேட்கவில்லை. வேதப்புத்தகத்தின் தேய்ந்த விளிம்பை விரலால் நீவிக்கொண்டே, "நானும் படிச்சேன் அதை. உங்கப்பா போனப்புறம். உன்கிட்ட சொல்லல" என்றார். "எனக்கு அதுக்குப் பதில் தெரியாது. கடவுள்கிட்ட நேர்ல கேக்கணும்னு வச்சிருக்கேன்."

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் இதை எதிர்பார்க்கவில்லை. அம்மா ஒன்றும் தெரியாதவராக இருப்பதால்தான் நம்புகிறார் என்றே இத்தனை காலம் எண்ணியிருப்பாள். நானும் சற்றுமுன்வரை அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு" என்றார் அம்மா. "என் கொள்ளுப்பாட்டியோட அம்மா, 46ஆம் வருஷம் பிப்ரவரிப் பனியில நாவூவைவிட்டுக் கிளம்பினவ. ஆத்தைத் தாண்டி, வயத்துல பிள்ளையோட, யூட்டாவரைக்கும். அவரை நம்பித்தான் நடந்தா. அவர் அப்படி இல்லேன்னா அவ நடந்தது என்ன கணக்குல சேரும்?"

விலகிவரும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கேள்வி உண்டு. நிறுவனரை விடுவது அவர் ஒருவரை விடுவதோடு நிற்பதில்லை. அவரை நம்பி நடந்தவர்கள், வழியில் புதைக்கப்பட்டவர்கள், அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டவர்கள் எல்லோரும் பின்னால் நிற்கிறார்கள். மகள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

வெகுநேரம் யோசித்துத்தான் சொன்னாள். "நடந்தது அவதான்மா, அவர் இல்லையே. அவர் அதுக்கு முன்னாடியே செத்துட்டார். அந்தப் பனி, அந்தப் பிள்ளை, எல்லாம் அவளோடது. அதை அவர் கணக்குல எழுத எனக்கு இப்ப மனசு வரல."

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, தலையை மெல்ல அசைத்தார். ஆனால் மகளின் முழங்காலில் கையை வைத்தார்.

எம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தது வழிகாட்டியின் மனைவியால். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு வந்தவர், அடுத்து எங்கே போகிறீர்கள் என்றார். நாவூவுக்கு என்றார் அம்மா, ஜோசப்பின் கல்லறைக்கு. 136ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போய் ஹாமில்டனில் வடக்கே திரும்பினால் மிசிசிப்பியை ஒட்டியே பாதை என்று அந்த அம்மாள் வழி சொன்னார்.

"எம்மாவும் அங்கதானே இருக்காங்க?" என்று மகள் கேட்டாள். "நான் அவங்களைப் பாக்கணும்."

இருக்கிறார். கொலைக்கு நான்கு நாள் முன்பு ஜோசப் ஆற்றைக் கடந்து தப்பித்து மேற்குக் கரையில் இருந்தார். திரும்பி வரச்சொல்லி எம்மாவின் கடிதம் போனது, அவர் திரும்பி வந்தார். அந்தக் கடிதத்தின் பாரத்தையும் எம்மாதான் சுமந்திருக்க வேண்டும். கைதான கணவர் கடைசி நாள் காலையிலும் அவருக்கு எழுதினார். அப்போது எம்மா கர்ப்பிணி. நவம்பரில் மகன் பிறந்தான். எதிரிகள் தோண்டிவிடுவார்கள் என்று அஞ்சி, மணல்மூட்டை வைத்த பெட்டிகளை ஊரறியப் புதைத்துவிட்டு உடல்களை வேறிடத்தில் மறைத்தார்கள். ஜோசப்புக்குப் பின் சபையை நடத்திய பிரிகம் யங்கோடு மேற்கே போகாமல் எம்மா நாவூவிலேயே இருந்துவிட்டார். தன் கணவர் வேறொருத்தியை மணக்கவே இல்லை என்று 1879இல் சாகும்வரை சொன்னார். யூட்டாவில் நெடுங்காலம் அவரைப் பற்றி நல்ல வார்த்தை இல்லை. 1928இல் மறைவிடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, ஜோசப், ஹைரம், எம்மா மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் அடக்கினார்கள். அம்மாவுக்கு ஜோசப்பைப் பார்க்க வேண்டும், மகளுக்கு எம்மாவை. போகவேண்டிய இடம் ஒன்றுதான்.

"இங்க பூ எங்க கிடைக்கும்?" என்று மகள் எழுந்து நாற்காலியின் பிரேக்கை விடுவித்தாள்.

போகும் வழியில் மளிகைக்கடை இருக்கிறது, அங்கே வாளியில் பூங்கொத்து வைத்திருப்பார்கள் என்றார் அந்த அம்மாள்.

"ரெண்டு கொத்தா வாங்கு" என்றார் அம்மா. "ஒண்ணு என்னோடது. ஒண்ணு உன்னோடது."

"சரிம்மா."

நாற்காலி சரளைக்கல் பாதையில் கொஞ்சதூரம் போனபின் அம்மா மறுபடி தலையைத் திருப்பினார்.

"மூணா வாங்கிடு. ஹைரமை யாரும் நினைக்கிறதே இல்ல."